ஞாயிறு மாலையில் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள்

கேள்வி: கடலூருக்கு அருகே ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறுவர் இல்லத்தில் 19 ஆண்டுகளாகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். 12 முதல் 17 வயது வரை 34 பையன்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். அந்த இரண்டு மாலைகளிலும் அடிதடி, அழுகை, சாப்பாட்டுத் தட்டு பறப்பது என்று இல்லமே ரணகளமாகிவிடுகிறது. போன மாதம் விருத்தாசலம் பக்கத்துப் பையன் ஒருவன், 14 வயது, ஜன்னல் கண்ணாடியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டான். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகும் அவனுடைய அம்மா மூன்று மாதமாக வரவில்லை. புதிதாக வந்திருக்கும் அறங்காவலர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்கிறார். பெற்றோர் வருகையைக் குறைக்க வேண்டும், நடத்தைக்கு மதிப்பெண் அட்டை போட வேண்டும், பெரிய பையன்களை ஒருநாள் மத்தியச் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும், வெளிநாட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பணம் கட்டி வாங்க வேண்டும் என்பவை அவருடைய யோசனைகள். என்னிடம் வளர்ந்த பையன்கள் வேலைக்குப் போன பிறகும் பொங்கலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதெல்லாம் ஆதாரம் இல்லையா?

பதில்:

அன்புள்ள ஐயா,

சிறைச்சாலை யோசனையை முதலில் முடித்துவிடுவோம். அதில் விவாதிக்க அதிகம் இல்லை. 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆயுள் தண்டனைக் கைதிகளைக் கொண்டே சிறுவர்களை மிரட்டித் திருத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. கேட்டவுடனே பிடித்துப்போகும் யோசனை என்பதால் மற்ற மாநிலங்களுக்கும் வேகமாகப் பரவியது. பின்னாளில் ஆந்தனி பெட்ரோசினோவும் அவருடைய சகாக்களும் இவ்வகைத் திட்டங்களைப் பற்றிய ஒன்பது சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் சிறைக்கு அழைத்துப்போயிருந்தார்கள். பிறகு குற்றங்களில் அதிகம் சிக்கியவர்கள் சிறையைப் பார்த்துவந்தவர்கள்தான். பயம் அவர்களைத் திருத்தவில்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைக்கூடச் சிறையில் வைக்கக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 10-ஆம் பிரிவு. அப்படியிருக்க, பராமரிப்புக்காக உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை மத்தியச் சிறை இருக்கும் கேப்பர் மலைக்கு அழைத்துப்போய் "நாளைக்கு உன் இடம் இது" என்று காட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அறங்காவலரிடம் "ஆதாரம் எங்கே?" என்று திருப்பிக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் உங்களுக்கு வாய்க்காது. பணிவாகவே கேளுங்கள்.

அடுத்து உங்கள் கேள்வி. பொங்கலுக்கு வரும் பையன்கள் ஆதாரமா? அவர்கள் வருவது உங்களுக்குப் பெருமைதான். அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் வராதவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று பல ஆண்டுகள் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குத் தனியாக எதுவும் இல்லை. ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் 30 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் "அந்தத் திட்டம் எனக்கு நன்மை செய்தது" என்றார்கள். பதிவேடுகளோ நேர்மாறாகப் பேசின. மீண்டும் குற்றம் செய்தது, குடிக்கு அடிமையானது, சீக்கிரமே இறந்தது ஆகியவற்றில் உதவி பெற்ற பிரிவின் நிலைதான் மோசமாக இருந்தது. கோடை முகாம்களில் ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். உங்கள் 19 ஆண்டுகளும் வீண் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நன்றி உண்மையானது. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில்.

உங்கள் அனுபவத்துக்கு இடமில்லை என்று அறங்காவலர் நினைத்தால் அவரும் பாதியைத்தான் படித்திருக்கிறார். ஆதாரம் சார்ந்த நடைமுறை என்ற பேச்சு மருத்துவத்தில் பிறந்தது. 1996-இல் டேவிட் சாக்கெட்டும் சகாக்களும் அதை விளக்கியபோது ஆய்வின் முடிவு, பணியாளரின் அனுபவம், உதவி பெறுபவரின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல முடிவு எடுக்க முடியும் என்றார்கள். உங்கள் இல்லத்தில் முதலாவதை அறங்காவலர் பிடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டாவதை நீங்கள். மூன்றாவதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 34 பையன்களில் யாரிடமாவது "ஞாயிறு சாயங்காலம் உனக்கு என்னப்பா ஆகிறது?" என்று கேட்டிருக்கிறீர்களா? சட்டத்தின்படி உங்கள் இல்லத்தில் குழந்தைகள் குழுக்கள் இருக்க வேண்டும். 11 முதல் 15 வயதினருக்கு ஒன்று, 16 முதல் 18 வயதினருக்கு ஒன்று. ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டும் பதிவேட்டில் மட்டும் அவை இயங்கினால், இந்தக் கேள்வியோடு உண்மையாகவே கூட்டுங்கள்.

இனி வருகை நாள். பெற்றோர் வந்துபோன மாலையில் கலவரம் நடக்கிறது என்பது உண்மை. நீங்களும் பார்க்கிறீர்கள், அவரும் பார்க்கிறார். அதனால் வருகையே காரணம் என்று முடிவுகட்டுவதில்தான் அவசரம் இருக்கிறது. அன்று வேறு என்னென்ன நடக்கிறது? ஞாயிறு என்பதால் பணியாளர்கள் பாதிப் பேர் விடுப்பில் இருக்கலாம். பையன்களின் மனம் அதிகம் கொதிக்கும் நாளில் ஆள் குறைவாக இருந்தால் சின்னச் சண்டைகூடப் பெரிதாகும். முதலில் பணிப் பட்டியலைப் பாருங்கள். அம்மா வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தையும் மிக்சரையும் பொதுவில் வைத்துப் பங்கிடச் சொல்லும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. சமத்துவம் என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான். பையனுக்கோ அம்மாவின் கை மணம் இருக்கும் ஒரே பொருள் அது. அதைப் பிடுங்கிய பத்தாவது நிமிடத்தில் தட்டு பறந்தால் அதற்கு வருகை என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விட நான் சந்தேகப்படுவது ஒன்றை. கலவரம் செய்பவர்கள் பெற்றோரைப் பார்த்தவர்களா, காத்திருந்து பார்க்காதவர்களா? விருத்தாசலத்துப் பையனின் அம்மா மூன்று மாதமாக வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவன் கண்ணாடியைக் குத்தியது வருகையால் ஆகுமா? காலை முதல் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, நான்கு மணிக்குக் கேட் மூடும்போது மற்றவர்களின் அம்மாக்கள் போவதையும் பார்த்திருக்கிறான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பத்து இல்லங்களை நெருங்கிப் பார்த்து 2002-இல் நூல் எழுதிய ஜேம்ஸ் ஆங்க்லின், நாம் 'கெட்ட நடத்தை' என்று பதிவேட்டில் எழுதுவதில் பெரும்பகுதி வலியிலிருந்து வருவது என்றார். பணியாளர் அதற்குத் தண்டனை கொடுக்கும்போது பழைய வலியின் மேல் புது வலி ஏறுகிறது.

ஆனால் இது என் ஊகம். நான் பார்த்திராத ஓர் இல்லத்தைப் பற்றிய ஊகம் எவ்வளவு நயமாக இருந்தாலும் ஊகம்தான். அதனால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு எதையும் மாற்றாமல் நடப்பதை மட்டும் எழுதுங்கள். நாள், நேரம், பையனின் பெயருக்குப் பதில் ஓர் எண், சம்பவத்துக்குச் சற்று முன்பு என்ன நடந்தது, பணியில் யார் இருந்தார், நாம் என்ன செய்தோம், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. கூடவே ஒரு குறி: அன்று அவனுக்கு ஆள் வந்ததா, வருவதாகச் சொல்லி வரவில்லையா, வருவதற்கு ஆளே இல்லையா. சம்பவம் செய்தவர்களை மட்டும் எழுதினால் போதாது. அன்று அமைதியாக இருந்தவர்களுக்கும் இந்தக் கடைசிக் குறியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. சாதாரண ஞாயிறுகளையும் எழுதுங்கள். "அடங்காதவன்", "திமிர் பிடித்தவன்" போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடம் கொடுக்காதீர்கள். "கதவை இரண்டு முறை உதைத்தான்" என்று எழுதினால் அடுத்தவருக்கும் புரியும். நோட்டு உங்கள் பீரோவில் பூட்டியிருக்கட்டும், அதன் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது.

நம் மாவட்டத்தில் பருவத்தையும் கணக்கில் வையுங்கள். விசைப்படகு மீனவர் குடும்பத்துப் பையன் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பா கரையில் இருப்பார், வர நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. முந்திரித் தோப்பு வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் கோடையில்தான் கூலி கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு ஞாயிறை விடுவதென்றால் ஒருநாள் கூலியை விடுவது. மூன்று மாதக் கணக்கை இதெல்லாம் தெரியாமல் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. என்னைக் கேட்டால், வருகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, யார் வருகிறார்கள், யார் வர முடியாது என்று உறுதிசெய்து, அன்று மாலையே பையனிடம் தனியாகச் சொல்லிவிடுவதை முதல் மாற்றமாக வைப்பேன். வர முடியாதவர் அதே போனில் பையனோடு பேசட்டும். பிறகு இன்னொரு மூன்று மாதம் எழுதுங்கள். 34 பேரின் கணக்கை வைத்து உலகத்துக்குப் பாடம் சொல்ல முடியாது. உங்கள் இல்லத்துக்கு அது போதும்.

வருகையைக் குறைப்பதற்கு எதிராகப் பழைய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் டேவிட் ஃபான்ஷெல், யூஜின் ஷின் இருவரும் வீட்டைப் பிரிந்து பராமரிப்பில் இருந்த 624 குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1978-இல் எழுதினார்கள். பெற்றோர் அடிக்கடி வந்த பிள்ளைகளே அதிகமாக வீடு திரும்பினார்கள். அறங்காவலர் கெட்டிக்காரர் என்றால், "திரும்ப அழைத்துப்போகும் நிலையில் இருக்கும் குடும்பம்தானே அடிக்கடி வரும்?" என்று கேட்பார். சரியான கேள்வி, ஒப்புக்கொள்ளுங்கள். வருகைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் குடும்பப் பொறுப்புக்கே முதலிடம், நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டம் 3-ஆம் பிரிவில் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதற்கு எதிராகப் போக விரும்புபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

மதிப்பெண் அட்டை விஷயத்தில் அவருடைய யோசனைக்குப் பின்னால் உண்மையான வரலாறு உண்டு. 1967-இல் கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு சிறிய இல்லத்தில் இப்படித்தான் தொடங்கினார்கள். ஒரு தம்பதி ஆறேழு பையன்களோடு குடியிருந்தார்கள். நல்ல நடத்தைக்குப் புள்ளி, புள்ளிக்குச் சலுகை. நன்றாக நடந்தது. அதே முறையை வேறொரு இல்லத்துக்குக் கொண்டுபோனபோது தோற்றது. பையன்கள் எதிர்த்து நின்றார்கள். அட்டையும் விதிகளும் போய்ச் சேர்ந்தன, முதல் தம்பதியிடம் இருந்த சிரிப்பும் பரிவும் போய்ச் சேரவில்லை. சாமானை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு அடுப்பை விட்டுவிட்டுப் போன கதைதான். அந்தக் குழுவின் தலைவர் மாண்ட்ரோஸ் வுல்ஃப் இதை மறைக்காமல் எழுதினார். பிறகு பையன்களிடமே பணியாளரிடம் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டு அதையே பயிற்சியாக்கினார்கள். அமைதியான குரல், உதவ முன்வருவது, ஏன் செய்ய வேண்டும் என்று விளக்குவது, நியாயம், வேடிக்கைப் பேச்சு ஆகியவை பிடித்தவை. கத்துவது, பழி போடுவது, தப்பை மட்டும் சொல்வது, பேசவே விடாதது ஆகியவை பிடிக்காதவை. 1977-இல் வெளியான பட்டியல். இன்று உங்கள் பையன்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். இல்லத்தில் இருக்கும்போது கிடைத்த பலன், பையன்கள் வெளியேறிய பின் பெரும்பாலும் மங்கிப்போனது என்பதையும் அதே முறையைப் பற்றிய ஆய்வுகள் காட்டின. ஆகவே அட்டை போடுவதானால் போடுங்கள். இரண்டு நிபந்தனைகள்: கொடுத்த புள்ளியைத் திரும்பப் பிடுங்கக் கூடாது, வீட்டாரைப் பார்ப்பதும் வீட்டுக்குப் போன் பேசுவதும் சாப்பாடும் எந்தக் காரணத்துக்காகவும் சலுகைப் பட்டியலில் வரக் கூடாது.

அறங்காவலர் அடுத்ததாக ருமேனியாவைச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். புக்கரெஸ்ட் நகரத்தின் அநாதை இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்த ஆய்வு அது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாகவே மேம்பட்டது. ஆனால் அவர்கள் கைக்குழந்தைகள். உங்களிடம் இருப்பவர்கள் மீசை முளைக்கும் பையன்கள். 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது வரையுள்ள ஏறத்தாழ 3,000 ஆதரவற்ற குழந்தைகளைப் பார்த்தது. உறவினர் வீட்டில் வளர்ந்தவர்களைவிட இல்லத்தில் வளர்ந்தவர்கள் மோசமாக இல்லை. இல்லத்துக்கும் வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டைவிட ஓர் இல்லத்துக்கும் இன்னோர் இல்லத்துக்கும் இருந்த வேறுபாடே பெரிது. யாரைப் பற்றிய ஆய்வு, எந்த வயது, யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் எந்த ஆய்வையும் இல்லத்துக்குள் விடாதீர்கள். நம் கடற்கரை ஊர்களுக்கு இது தெரியாததல்ல. 2004 சுனாமிக்குப் பின் நல்ல மனதோடு வந்த சிலர், பிள்ளைகளை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்து அழவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். அப்படி ஒரே முறை கிளறுவதால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் ஆகலாம் என்று அதற்கு முன்பே ஆய்வுகள் எச்சரித்திருந்தன.

விருத்தாசலத்துப் பையன் விஷயத்தில் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. கண்ணாடியைக் குத்தியது கோபமா, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமா என்று இந்த வாரமே யாராவது அவனோடு தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அழைத்துப்போங்கள். இல்லத்திலோ வெளியிலோ யாரேனும் பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சொன்னால் போக்சோ சட்டப்படி உடனே புகார் கொடுப்பது உங்கள் கடமை; நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உடைத்ததற்காக அவனை யாரும் அடித்திருந்தால் அதுவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி குற்றம். மற்றபடி அவனுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த நாளில் நிரப்பிய தாளாகவே இன்னும் இருந்தால், அம்மாவையும் அவனையும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள்.

அந்த அம்மா மகனை வேண்டாம் என்று விட்டவரா, சோறு போட முடியாமல் விட்டவரா? இரண்டாவது என்றால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பையன் வீட்டிலிருந்தே படிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பித்து, குழந்தைகள் நலக் குழுவின் முன் வையுங்கள். இல்லத்தில் தலை எண்ணிக்கை குறைவதை நிர்வாகம் விரும்பாது என்பது எனக்கும் தெரியும். அதையும் அறங்காவலரிடம் நேராகவே பேசுங்கள். ஆதாரம் கேட்பவர் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

கடைசியாக அந்த வெளிநாட்டுத் திட்டம். பெயரை நீங்கள் எழுதாததால் அதன் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வருகை ஞாயிறுகளில் கூடுதலாக ஓர் ஆளைப் பணியில் வைக்கச் செலவிடுங்கள். மீதியைப் பயணப்படியாக வையுங்கள். பெண்களுக்கு நகரப் பேருந்தில்தான் கட்டணமில்லை. விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கு வரும் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், அதற்கு மேல் அன்றைய கூலியும் போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கே முதலில் கொடுங்கள். செலவுச் சீட்டை நோட்டில் அந்த ஞாயிறின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.